வெள்ளைக் கையுறை

பழைய ஆங்கிலத் திரைப்படங்களில் கடைக்குச் செல்லும் பெண்ணும் கோயிலுக்குச் செல்லும் பெண்ணும், கோடைக்காலத்திலுங்கூட, கையுறை அணிந்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். குளிருக்காக அன்று, மரியாதைக்காக. 1950-களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும், நல்ல குடும்பத்துப் பெண் வெறுங்கையோடு நகருக்குள் போவது தலை வாராமல் வெளியே வருவதற்கு ஒப்பாகும். வாசலைத் தாண்டுமுன் அணிந்துவிட வேண்டும். தெருவில் நடந்தபடி மாட்டிக்கொள்வது நாகரிகமன்று. கைகுலுக்கும்போது ஆண் தன் உறையைக் கழற்றுவான். பெண் கழற்ற வேண்டியதில்லை. உணவு மேசையில் அவளும் கழற்றியாக வேண்டும்.

நீளத்துக்கும் இலக்கணம் உண்டு. பகலில் மணிக்கட்டளவு, மாலை விருந்துக்கு முழங்கைக்கு மேல். இதனைப் 'பொத்தான்' கணக்கில் சொல்வர். பொத்தானே இல்லாத உறையையும் 'பதினாறு பொத்தான்' என்பது வேடிக்கைதான்! கட்டைவிரலின் அடியிலிருந்து அளக்கும் பழைய பிரெஞ்சு அங்குலமே அவர்களுக்குப் பொத்தான். விரல்கணுக்களைச் சுற்றி அளந்து, ஆறு, ஆறேகால், ஆறரை என்று கால் கால் அங்குலமாக அளவு சொல்லுவார்கள். உறை, தோலின் மேல் தோலாகப் படிய வேண்டுமல்லவா?

இதில் நம்மைச் சிந்திக்கவைப்பது வெள்ளை நிறந்தான். 'இந்தக் கை பாத்திரம் துலக்குவதன்று' என்று ஊருக்கு அறிவிப்பது அது. ஆனால் அணிந்தவருள் மிகப் பலர் துலக்கியவர்களே, துவைத்தவர்களே. கரிப்புகை படிந்த நகரத்தில் ஒரு நாள் அணிந்தால் உறை அழுக்காகிவிடும். துவைக்கத்தக்க தோலுறையாயின், கையில் அணிந்தபடியே சோப்பு நீரில் கை கழுவுவதுபோல் கழுவுவர். காய்ந்ததும் விறைத்துப்போன விரல்களை மரத்தாலான இடுக்கியால் விரித்துப் பொடி தூவ வேண்டும். வேலை செய்யாத கை என்று காட்டுவதற்கு எத்தனை வேலை!

1947-இல் மணமுடித்த எலிசபெத் இளவரசி தேனிலவுக்குப் புறப்பட்டபோது அணிந்த கையுறை, வியன்னாவிலிருந்து அகதியாக வந்த கொர்னேலியா ஜேம்ஸ் என்ற பெண்மணி செய்தது. உடைக்குப் பங்கீடு நிலவிய காலம் அது. புது உடுப்புக்கு வழியில்லாத பெண்ணும் வண்ணக் கையுறையொன்றால் பழைய உடுப்பைப் புதுக்கிக்கொண்டாள். அந்த எளிய மகிழ்ச்சியை நாம் குறைத்துப் பேச மாட்டோம்.

1960-களில் இளம்பெண்கள் கையுறையைக் கைவிட்டனர். தாய்மார் கோயிலுக்கும் திருமணத்துக்குமென்று எடுத்து வைத்தனர். அரசியார் மட்டும், 2022-இல் மறையும் வரை, பொது நிகழ்ச்சிகளில் அந்த வழக்கத்தைப் பெரிதும் விடவில்லை.

அவ்வரண்மனைக்கு மருமகளாக வந்த டயானா இளவரசி, 1987 ஏப்ரலில் இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் எய்ட்ஸ் நோயாளர் பிரிவைத் திறந்துவைத்தார். தொட்டாலே அந்நோய் ஒட்டும் என்று மக்கள் அஞ்சிய நாள்கள் அவை. அவர் ஒரு நோயாளியின் கையைப் பற்றிக் குலுக்கினார். அந்த நிழற்படத்தை உலகெங்கும் செய்தித்தாள்கள் வெளியிட்டன. தம்மை அடையாளம் காட்ட விரும்பாத அம்மனிதர் முதுகு காட்டியிருக்கிறார். இளவரசியின் கையில் உறை இல்லை.