படத்தில் வண்டி ஓடுகிறது! பார்சல் எங்கே?

கம்பத்து வியாபாரிகளே! உத்தமபாளையத்து இளைஞர்களே!

உங்கள் செல்போனில் ஒரு சின்ன வண்டிப் படம். அது மதுரையை விட்டுப் புறப்பட்டது என்கிறது. தேனிக்கு வந்து சேர்ந்தது என்கிறது. இன்று உங்கள் வீட்டுக்கு வருகிறது என்கிறது. கடையை விட்டு எழுந்திருக்காமல், தேநீர் குடிக்கக்கூடப் போகாமல் காத்துக் கிடக்கிறீர்கள். மாலை ஏழு மணிக்கு ஒரு செய்தி வருகிறது: "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை. பார்சல் திரும்ப எடுத்துச் செல்லப்பட்டது."

யார் வந்தது? எந்த வாசலில் நின்றது? எந்தக் கதவைத் தட்டியது?

சென்னையிலிருந்து வரவழைத்த புத்தகக் கட்டுக்காக நானும் இப்படிக் காத்திருந்தேன். திண்ணையிலேயே உட்கார்ந்திருந்த எனக்கு, "நீங்கள் வீட்டில் இல்லை" என்று தகவல் வந்தது! நான் எங்கே இருக்கிறேன் என்பது என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இந்தப் பொய்க்கு யார் பொறுப்பு? இதைக் கேட்க நமக்கு உரிமை இல்லையா?

முதலில் இந்த 'லைவ் டிராக்கிங்' என்னவென்று விளங்கிக்கொள்ளுங்கள். 1994-ல் அமெரிக்காவின் ஃபெடெக்ஸ் நிறுவனம் பார்சலின் நிலையை இணையதளத்தில் காட்டத் தொடங்கியது. இன்று தெருமுனைக் கூரியர் கடைகூட அதைக் காட்டுகிறது. ஆனால் உங்கள் பார்சலுக்குக் கண்ணும் இல்லை, காலும் இல்லை. அதன் மேல் ஒட்டிய கோட்டுச் சீட்டை யாராவது கருவியில் காட்டினால்தான் கணக்கில் ஏறும். பல இடங்களில் பார்சலைக்கூடக் காட்டுவதில்லை, மூட்டையைத்தான் காட்டுகிறார்கள். மூட்டை தேனிக்கு வந்துவிட்டால் உள்ளே இருந்ததாக எழுதப்பட்ட அத்தனையும் வந்ததாகக் கணக்கு! உள்ளே இருந்ததா, வழியில் விழுந்ததா என்பது மூட்டையைப் பிரிக்கும்போதுதான் தெரியும்.

ஆகவே நீங்கள் பார்ப்பது பார்சலை அல்ல. பார்சலைப் பற்றி அவர்கள் எழுதிய குறிப்பை! எழுதும் கை அவர்களுடையது. அழிக்கும் கையும் அவர்களுடையது.

"வாடிக்கையாளர் இல்லை" என்பது எப்படி வருகிறது? பொழுது சாய்வதற்குள் ஒவ்வொரு பார்சலுக்கும் கணக்கு முடிக்க வேண்டும். ஒன்று கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் கொடுக்காததற்கு ஒரு காரணத்தை அமுக்க வேண்டும். "நேரம் போதவில்லை" என்று அமுக்கினால் அலுவலகத்தின் மீது குற்றம். "ஆள் இல்லை" என்று அமுக்கினால் உங்கள் மீது குற்றம். எதை அமுக்குவார்கள்?

இதைப் படித்துவிட்டுப் பார்சல் கொண்டு வரும் பையனின் சட்டையைப் பிடிக்கக் கிளம்பி விடாதீர்கள்! அவன் ஆண்டிபட்டிக்காரனாக இருப்பான், சின்னமனூர்க்காரனாக இருப்பான், நம் தெருப் பிள்ளையாகவே இருப்பான். பெரும்பாலும் பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி. வண்டி அவனுடையது, பெட்ரோல் அவனுடையது, கீழே விழுந்தால் முறியும் காலும் அவனுடையது. இப்படிப்பட்டவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2023-ல் நலவாரியம் அமைத்தது. அதில் பதிந்துகொள்ளும்படி அவனுக்குச் சொல்லுங்கள். கேள்வியை அவனை அனுப்பிய முதலாளியிடம் கேளுங்கள்.

நம் பள்ளத்தாக்கின் நிலைமை தனி. மதுரை-போடி மீட்டர்கேஜ் பாதை 2010 இறுதியில் மூடப்பட்டது. தேனிக்கு மீண்டும் ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு வந்தது 2023 ஜூன். பதினோரு வருடத்துக்கும் மேல் ஒரு மாவட்டத் தலைநகருக்கு ரயில் இல்லை! கம்பத்துக்கும் கூடலூருக்கும் இன்றும் இல்லை. எல்லாம் சாலை வழிதான். எனவே இங்கே பார்சல் சேவை ஆடம்பரம் அல்ல, பிழைப்பு.

போடியில் ஏலக்காயைப் பொட்டலம் போட்டு, செல்போன் வழியே வெளியூருக்கு விற்கும் இளைஞர்களைக் கேட்டுப் பாருங்கள். சரக்கு கிடைத்த பிறகு பணம் என்று அனுப்புகிறான். அங்கே எவனோ வாசலுக்குப் போகாமலே "வாங்க மறுத்துவிட்டார்" என்று எழுதிவிடுகிறான். சரக்கு திரும்பி வருகிறது. திரும்பி வந்த கூலியும் இவன் தலையில்! விற்பனையும் போனது, வாடிக்கையாளரும் போனார், கூலியும் போனது.

இனி நம் பக்கத்துக் கோளாறைப் பார்ப்போம். கசந்தாலும் கேளுங்கள்.

பதினைந்து கிலோ ஏலக்காய். கிலோ 2,000 ரூபாய் என்றே வைத்தாலும் 30,000 ரூபாய். அதை அனுப்பும்போது மதிப்பு என்ற கட்டத்தில் நம்மவர்கள் எழுதுவது என்ன? 500 ரூபாய்! சிலர் அதையும் எழுதுவதில்லை. சீட்டின் பின்பக்கம் எறும்பு போல் அச்சடித்திருப்பதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். பிறகு சரக்கு தொலைந்தால் "ஐயோ, முப்பதாயிரம்!" என்று கூப்பாடு.

அந்த எறும்பு எழுத்து என்ன செய்யும் என்று தெரியுமா? பாரதி நிட்டிங் கம்பெனி என்ற நிறுவனம் 1990-ல் ஜெர்மனியில் இருந்த வியாபாரிக்குச் சரக்கின் ஆவணங்களை டி.எச்.எல். கூரியரில் அனுப்பியது. ஆவணங்கள் போய்ச் சேரவில்லை. பருவம் கடந்துவிட்டது என்று ஜெர்மன்காரர் விலையைக் குறைத்தார். நஷ்டம் நான்கு லட்சத்துக்கும் மேல். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996-ல் தீர்ப்பு: சீட்டில் பொறுப்பு 100 டாலர் வரைதான் என்று அச்சடித்திருக்கிறது, நீ கையெழுத்திட்டிருக்கிறாய், ஆகவே 100 டாலர்தான்!

நான்கு லட்சம் எங்கே? நூறு டாலர் எங்கே?

அரசு அஞ்சல் மட்டும் என்ன வாழ்ந்தது? வெள்ளைக்காரன் 1898-ல் போட்ட சட்டம், கடிதம் தொலைந்தாலும் தாமதித்தாலும் அரசைக் கேட்க முடியாது என்றது. அதை நீக்கிவிட்டு 2023-ல் புதுச் சட்டம் கொண்டு வந்தார்கள். அதிலும் அந்தப் பாதுகாப்பைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள்! ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால் கட்டணத்தைப் போல் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது என்பதுதான் பல்லாண்டுகளாக இருந்த விதி. விலையுள்ள பொருளை இன்ஷூர் செய்யாமல் அனுப்பாதீர்கள்.

தனியார் பார்சலுக்கு வருவோம். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 2011 முதல் நடைமுறையில் உள்ளது. லாரி பார்சல் ஆபீஸ் மட்டுமல்ல, கூரியர் நிறுவனங்களும் அதற்குள் வருகின்றன. சரக்கு தொலைந்தால் அவர்களுடைய கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. இது எவ்வளவு பெரிய ஆயுதம்! ஆனால் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதிலும் ஒரு முடிச்சு உண்டு. சாதாரணமாக அனுப்பிய சரக்குக்குக் கூலியைப் போல் பத்து மடங்குதான் அதிகபட்ச இழப்பீடு; நீங்கள் எழுதிக் கொடுத்த மதிப்புக்கு மேல் அதுவும் கிடையாது. 250 ரூபாய் கூலி என்றால் 2,500 ரூபாய். 500 என்று எழுதியிருந்தால் 500! முழு மதிப்பும் வேண்டுமென்றால் உண்மையான மதிப்பை எழுதி, அதற்கென உள்ள கூடுதல் கட்டணத்தைக் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் பொய் மதிப்பு எழுதுகிறவர், பிறருடைய அமானிதத்தைப் பற்றிப் பேச எந்த முகத்தோடு போவார்?

சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர்களுக்கு வழி இன்னும் லேசு. இணைய வியாபார நிறுவனம் குறைதீர் அதிகாரியின் பெயரை வெளியிட வேண்டும். 48 மணி நேரத்தில் புகார் வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இது 2020-ஆம் ஆண்டு விதி. கேட்கவில்லையா? 1915-க்குப் பேசுங்கள். அதற்கும் மசியவில்லையா? தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். "வழக்கு டெல்லியில்தான்" என்று சீட்டில் அச்சடித்திருந்தால் பயந்து விடாதீர்கள். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்கிறது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கடைச் சரக்கு என்றால் மட்டும் "இது வணிக நோக்கம்" என்று உங்களை அங்கே தட்டிவிடப் பார்ப்பார்கள். அப்போது கையில் எடுக்க வேண்டியது அந்த 2007 சட்டம்.

(இடையில் ஒரு எச்சரிக்கை: "உங்கள் முகவரி சரியில்லை, இந்த இணைப்பில் ஐந்து ரூபாய் கட்டுங்கள்" என்று அஞ்சல் துறை பெயரில் வரும் செய்தியைத் தொடாதீர்கள். அது திருட்டுக் கும்பல். ஏமாந்துவிட்டால் உடனே 1930.)

வண்டிப் படம் பொய் சொல்லும்போதெல்லாம் திரையைப் படம் பிடித்து வையுங்கள். "ஆள் இல்லை" என்று வந்த நாளில் கடையின் கேமராப் பதிவு இருந்தால் அழிக்காதீர்கள். அவர்கள் எழுதிய குறிப்பே அவர்களுக்கு எதிரான சாட்சி.

சரக்கு தொலைந்தால் பார்சல் ஆபீஸ் வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டு, "நாளைக்கு வாங்க பாய்" என்ற பேச்சை நம்பி மாதக்கணக்கில் நடக்காதீர்கள். அந்தச் சட்டப்படி வழக்குக்கு முன் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். அதுவும் 180 நாட்களுக்குள். அந்த நாட்கள் சரக்கு வந்து சேராத தேதியிலிருந்து ஓடுவதில்லை. நீங்கள் பதிவு செய்த தேதியிலிருந்து ஓடுகின்றன. மார்ச் 1-ல் போட்ட மூட்டைக்கு ஆகஸ்ட் 28 கடைசி. நோட்டீஸை ஒப்புகைச் சீட்டோடு அனுப்பி, நகலைப் பத்திரப்படுத்துங்கள்.