டவர் வரட்டும், அதுக்கு முன்னாடி ஒரு படம் வரைவோம்

"எங்க தோட்டத்துக்கு டவர் எப்ப வரும்?" பதுளைப் பக்கத்தில் நாலு இளைஞர்கள் கூடினால் இந்தக் கேள்வி வந்துவிடும். நாங்களும் கேட்டவர்கள்தான். இப்போது கூடவே இன்னொன்றையும் கேட்கச் சொல்கிறோம்: டவர் வந்தா, அதுல என்ன தகவல், யாருகிட்ட இருந்து யாருக்குப் போகப் போகுது?

இந்தக் கேள்விக்கு என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்று ஒரு பெரிய பெயர் உண்டு. ஐபிஎம்மில் இருந்த ஜான் சாக்மன் 1987இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த துறை. விஷயம் எளிது. என்ன வேலை நடக்க வேண்டும் என்பது முதலில். அதற்கு என்ன தகவல் தேவை என்பது அடுத்து. பிறகு மென்பொருள். சேர்வர், வயர், டவர் எல்லாம் கடைசியில். நாம பெரும்பாலும் கடைசியிலிருந்துதான் தொடங்குறோம்.

தோட்டத்தை உருவாக்கியவர்களுக்கு இந்த வரிசை நன்றாகவே தெரியும். தேயிலை கொழும்புக்குப் போக வேண்டும், அதுதான் வேலை. அதற்காக மலையைக் குடைந்து போட்ட பாதை 1924இல் பதுளைக்கு வந்தது. பெரட்டுக்களம், செக்ரோல், தோட்ட ஆபீஸ் எல்லாம் அதே திட்டத்தின் துண்டுகள். தகவல் அத்தனையும் ஆபீஸ் வழியாகவே போகும். லயக் காம்பராவுக்குத் தனி முகவரி இல்லாததால் நம்ம கடிதமும் அங்கதான் போய்க் கிடக்கும். அந்தப் படத்தில் தொழிலாளி கடைசிப் புள்ளி.

இது வெறும் கடிதப் பிரச்சினை இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. தகவல் இருந்தது. தகவல் வந்த பிறகு யார் என்ன செய்வது என்பதுதான் இல்லை. மாற்றுக் காணி யார் தருவது? காணி தன் பெயரில் இல்லாத சனம் லயத்தை விட்டு எங்கே போகும்? சரிந்த பிறகு காணாமல் போனவர்களின் எண்ணிக்கைகூட நாளுக்கு நாள் மாறியது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு பதுளை மாவட்டம் மறுபடியும் மண்சரிவுகளைப் பார்த்தது.

"சிக்னலே இல்லாத இடத்துல படம் எதுக்கு?" என்று கேட்கலாம். நியாயம்தான், சிக்னல் வேண்டும். ஆனால் பழைய படத்தின் மேலேயே டவரை நட்டால், எச்சரிக்கை வேகமாக வந்து அதே ஆபீஸ் மேசையில் நிற்கும். இந்திய நிதியுதவியோடு வரப்போகிற டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கும் இதே கேள்விதான். முகவரி இல்லாத காம்பராவை அந்தக் கணினி எப்படிப் பதியும்?

அதனால் நாங்கள் கேட்பது மூன்று. ஒவ்வொரு காம்பராவுக்கும் சொந்த இலக்கமும் முகவரியும். எச்சரிக்கை ஆபீசுக்குப் போகிற அதே நேரத்தில், தமிழில், வீட்டுக்கும் வர வேண்டும். எந்த எச்சரிக்கைக்கு எந்தக் கட்டடத்துக்குப் போவது, கதவைத் திறப்பது யார் என்று முன்கூட்டியே எழுதிய ஒரு தாள்.

அந்தத் தாளுக்கு கரண்ட்கூட வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்க டிவிசனுக்கு ஒன்றை வரைந்து பாருங்கள். அம்புக்குறி எந்த இடத்தில் நின்றுபோகிறதோ, பிரதேச செயலகத்தில் போய்க் கேட்க வேண்டியது அதைத்தான்.