ஓர் ஈர மூலை



பல்லி என்றதும் நம் இல்லங்களில் அது 'சொல்லும்' பலனே நினைவுக்கு வரும். அதனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்ப்பார்கள் என்றால் நம் பாட்டிமார் நகைப்பர். ஆயினும் நாட்றம்பள்ளியில் வீடு மந்திரிக்கச் சென்ற ஓர் இல்லத்தில் அத்தகைய பல்லி ஒன்றைக் கண்டேன். மஞ்சள் உடலில் கரும்புள்ளிகள் கொண்ட சிறுத்தைப் பல்லி அது. அவ்வீட்டு மாணவனுக்குப் பெங்களூர் உறவினர் கொடுத்தது. அதன் முன்னங்காலில் ஒரு விரலைக் காணோம்.

"சாமி, இது வறண்ட நாட்டுப் பிராணி என்றார்கள். அதனால் ஈரமே வைக்கவில்லை" என்றான் பையன். தோலுரித்தபோது பழைய தோல் வளையமாக விரலில் ஒட்டி, காய்ந்து இறுகி, இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிட்டது. விரல் கறுத்து உதிர்ந்தது. தந்தையோ தோல் பதனிடும் தொழிலாளி. "காய்ந்த தோலை முதலில் தண்ணீரில் ஊறப்போடுவதுதானே எங்கள் வேலை! இது எனக்குத் தோன்றாமற் போயிற்றே!" என வருந்தினார்.

பையன் கேள்விப்பட்டது பாதி உண்மை. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகியவற்றின் வறண்ட கற்பாங்கான நிலமே இப்பல்லியின் தாயகம். ஆனால் பகலில் அது ஈரம் தங்கும் வளைகளிலும் பாறையிடுக்குகளிலும் பதுங்கிக் கிடக்கும். பெட்டி முழுதும் உலர்ந்திருக்கட்டும். அந்த வளைக்கு ஈடாக ஒரு மூலை மட்டும் ஈரமாக இருத்தல் வேண்டும்.

மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் டப்பாவில் பல்லி நுழையுமளவு துளையிட்டு, ஓரத்தை வழவழப்பாக்கி, வெதுவெதுப்பான பக்கத்தில் வையுங்கள். உள்ளே எதைப் பரப்புவது? மூன்று பொருள்கள் தக்கவை.

முதலாவது, உறிஞ்சுதாளோ வெளுத்த பருத்தித் துணியோ. அழுக்கு உடனே தெரியும். குட்டிகளுக்கு இதுவே நன்று. இரண்டு நாளுக்கொருமுறை மாற்றுக.

இரண்டாவது, தேங்காய் நார்த்தூள். நம் ஊரில் எளிதில் கிடைப்பது. உப்பு இருக்கக்கூடுமாதலால் பலமுறை அலசிய பின்பே இடுக. உரம் கலந்தது ஆகாது.

மூன்றாவது, ஆர்கிட் செடி வளர்ப்போர் பயன்படுத்தும் ஸ்பேக்னம் பாசி. நீரை நெடுநேரம் தாங்கும், எளிதில் அழுகாது. விலைதான் சற்று அதிகம்.

எதுவாயினும் நன்கு பிழிந்து இடுக. கையால் அழுத்தினால் ஈரம் தெரிய வேண்டும், நீர் சொட்டலாகாது. சொட்டச் சொட்ட நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், தோலில் புண் வரும். நாற்றம் வந்தால் அன்றே மாற்றுக. மணலும், மரத்தூளும், தொழிற்சாலையில் கிடைக்கும் தோல் சீவலும் வேண்டா. குரோமியம் முதலிய இரசாயனங்கள் ஊறியவை அச்சீவல்கள்.

பல்லியின் நிறம் வெளிறினால் தோலுரிக்கும் காலம் நெருங்கிற்று என அறிக. உரித்தபின் விரல்களையும் வால்நுனியையும் கண்ணோரத்தையும் பாருங்கள். எச்சம் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் கால் மட்டும் நனையுமாறு கால்மணி நேரம் விட்டு, ஈரப்பஞ்சால் மெல்லத் தள்ளுங்கள். விரல் வீங்கினாலோ கறுத்தாலோ கால்நடை மருத்துவரை நாடுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு சொல். ஏலகிரியிலோ சவ்வாது மலையிலோ காணும் பல்லிகளைப் பிடித்து வராதீர்கள். காட்டுயிர்களைக் காக்க 1972-ஆம் ஆண்டிலேயே சட்டம் உண்டு. விலைக்கு வாங்குமுன்னும், அவ்வினத்தை வளர்க்க அனுமதி உண்டா என வனத்துறையிடம் கேட்டறியுங்கள்.

உதிர்ந்த விரல் மீண்டும் முளைக்காது. பையன் இப்போது நாள்தோறும் மாலையில் டப்பாவைத் திறந்து, துணியைத் தொட்டுப் பார்க்கிறானாம். வாயில்லா உயிரை வளர்ப்பவர்க்கு இந்தக் கவனம் வேண்டும்.