பிள்ளை பிறந்த வீட்டில் எந்த சுவிட்சை அணைப்பது?

 

தங்கச்சிக்குப் பிள்ளை கிடைத்து இன்றைக்கு 32 நாள். அல்ஹம்துலில்லாஹ், தாயும் பிள்ளையும் சுகம். நேற்று கரண்ட் பில் வந்தது. போன மாதம் 54 யுனிட், இந்த மாதம் 97. எல்லோருடைய கண்ணும் தங்கச்சியின் அறையில் விடிய விடிய எரியும் சின்ன பல்பின் மேல்தான் போனது. "அதை அணைச்சாச் சரி" என்றார் உம்மா. தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. ராத்திரி போன் வெளிச்சத்தில் பிள்ளைக்குத் துணி மாற்றினாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

அது 5 வோட் எல்.ஈ.டி. பல்ப். இரவுக்கு 10 மணித்தியாலம் எரிந்தாலும் மாதத்துக்கு ஒன்றரை யுனிட்தான். ஒன்றரை லீட்டர் கெட்டிலை ஒரு தடவை கொதிக்க வைக்க ஏறக்குறைய 0.15 யுனிட் போகும். பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி, கழுவச் சுடுதண்ணி என்று நாளைக்கு எட்டுத் தடவை போட்டால் மாதத்துக்கு 36 யுனிட்! மழையில் காயாத துணிகளை அயன் பண்ணிக் காய வைத்ததில் இன்னும் நாலைந்து.

இன்னொன்று. மாதத்துக்கு 60 யுனிட்டைத் தாண்டினால் மேலதிக யுனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் யுனிட்டிலிருந்தே விலை மாறும். நிலையான கட்டணமும் கூடும். பில் திடீரென்று ஏறுவது அதனால்தான்.

காலையிலும் மாலையிலும் ஒருமுறை கொதிக்க வைத்துப் பிளாஸ்க்கில் ஊற்றி வைத்தால் போதும். நனைந்த துணியைக் காய்ந்த துவாயில் சுற்றி முறுக்கிப் பிழிந்து, காற்றுப் படும் இடத்தில் தொங்க விட்டால் அயனுக்கு வேலை குறையும்.

ஹட்டன் குளிருக்கு என்ன செய்வது என்பீர்கள். 2000 வோட் ஹீட்டரை இரவுக்கு 8 மணித்தியாலம் போட்டால் 16 யுனிட், நாலே இரவில் 64. அதற்குப் பயந்து சிலர் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கரி எரியும்போது வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். தூங்கப் போகும்போது வீட்டில் நெருப்பை விட்டு வைக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் மறக்கலாமா?

1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்கியூபேட்டர் போதாத நிலையில், எடை குறைந்த பிள்ளைகளைத் தாயின் வெறும் நெஞ்சோடு அணைத்து வைக்கச் சொன்னார் டொக்டர் எட்கார் ரே. இன்று அதை உலக சுகாதார அமைப்பே சிபாரிசு செய்கிறது. பிள்ளைக்குத் தொப்பி போட்டு, நெஞ்சோடு சேர்த்து, மேலே போர்வை போட்டால் போதும். மூக்கும் வாயும் மூடக்கூடாது, வைத்திருப்பவர் விழித்திருக்க வேண்டும். வாப்பாமாரின் நெஞ்சிலும் அதே சூடுதான் இருக்கிறது!

காசல்ரீ, மவுசாக்கலைத் தண்ணீரில்தான் லக்சபானவில் மின்சாரம் எடுக்கிறார்கள். நாட்டுக்கே வெளிச்சம் கொடுக்கும் மலையில், பச்சை உடம்போடு இருப்பவளை இருட்டில் வைத்து ஒன்றரை யுனிட் மிச்சம் பிடிப்பது சிக்கனம் இல்லை. வீண்விரயத்தைக் குறைக்க வேண்டியவர்கள் கெட்டிலைப் போடுகிற நாம்தான்.

நேற்றிரவு உம்மாவே போய் அந்தப் பல்பைப் போட்டுவிட்டு வந்தார். பிள்ளை பார்க்க வாருங்கள், துஆச் செய்யுங்கள். தேத்தண்ணி பிளாஸ்க்கில் இருந்துதான் வரும், கோபிக்க வேண்டாம்.