ஃபிரிட்ஜில் தூங்கும் டிமதி

"ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தவள் என் அம்மா. அவளிடம், "லண்டனில் நம்ம வீட்டுக்குள்ளே ஒரு ஆமை இருக்கும்மா" என்று போனில் சொல்ல எனக்கு ஒரு வாரம் தைரியமே வரவில்லை.

பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பாட்டி 2022 செப்டம்பரில் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது, முப்பது வருஷமாக வளர்த்ததை என் மகள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மத்திய தரைக்கடல் பக்கத்து ஹெர்மன் ஆமை. இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிடும். பெயர் டிமதி. கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார் 1780-ல் செல்போர்ன் கிராமத்துக்குக் கொண்டுவந்து, கூர்ந்து பார்த்துக் குறிப்பெழுதி வைத்த ஆமையின் பெயராம் அது. அந்த டிமதி நவம்பரில் தானே தோட்டத்து மண்ணைத் தோண்டி உள்ளே போய், ஏப்ரலில்தான் வெளியே வருமாம். (அது ஆண் அல்ல, பெண் என்று பிற்பாடுதான் தெரிந்ததாம்!)

எங்கள் டிமதிக்குத் தோண்ட மண் ஏது? சமையலறை மூலையில் ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான். அக்டோபர் கடைசியில் கீரையைத் தொடுவதை நிறுத்திவிட்டது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கிடக்கும். வெள்ளரித் துண்டை மூக்கருகே நீட்டினால் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். "குளிர்காலத்துல தூங்குற ஜாதிதானே, தூங்கட்டும் விடு" என்றார் என் கணவர். நானும் பழைய கம்பளிச் சால்வையைப் போர்த்தி, பெட்டியை ஹீட்டர் பக்கமாக நகர்த்தி வைத்தேன். பிள்ளைக்குச் செய்கிற மாதிரி செய்தேனே தவிர, அது ஆமை என்பதை மறந்துவிட்டேன்.

டிசம்பரில் ஒருநாள் தூக்கினால் கை லேசாக இருந்தது. மாவு நிறுக்கும் தராசில் வைத்தேன். பாட்டியின் நோட்டில் செப்டம்பர் எடை 1,250 கிராம். இப்போது 1,090! அடிவயிறு கலங்கிவிட்டது.

மிருக வைத்தியர் அதட்டவில்லை. ஆனால் அவர் சொன்னதைக் கேட்டு எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது. "இது தூங்கவும் இல்லை, விழித்திருக்கவும் இல்லை" என்றார். பகல் குறைந்ததும் சாப்பாடு வேண்டாம் என்று அதன் உடம்பு முடிவு செய்துவிடுகிறது. ஆனால் வீட்டுக்குள் 15 டிகிரி. பத்து டிகிரிக்கு மேலே போனாலே உடம்பு வேலை செய்துகொண்டுதான் இருக்கும். வரவு இல்லை, செலவு மட்டும். நாம் ஏகாதசிப் பட்டினியோடு நாள் முழுக்க வீட்டு வேலை பார்க்கிற மாதிரி, அதுவும் இரண்டு மாதத்துக்கு!

எடை இவ்வளவு குறைந்த ஆமையைத் தூங்க வைக்கக் கூடாது. முழுசாக எழுப்ப வேண்டும் என்றார். பெட்டியில் ஒரு மூலைக்கு 30 டிகிரி சூடு தரும் விளக்கு, வெயிலுக்குப் பதிலாகப் புற ஊதாக் கதிர் தரும் விளக்கு, இரண்டும் பகலில் பன்னிரண்டு மணி நேரம். தினமும் கால் மணி நேரம் தாடை மட்டத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர். ஆறாம் நாள் கீரையை ஒரு கடி கடித்தது. பாத்திரம் தேய்க்கிற இடத்திலேயே நின்று அழுதுவிட்டேன்.

அடுத்த வருஷம், 2023-ல், வைத்தியர் பரிசோதித்துச் சரி என்று சொன்ன பிறகு தூங்க வைத்தோம். எங்கே என்கிறீர்கள்? ஃபிரிட்ஜில்! இந்த ஊரில் ஆமை வளர்க்கிற பலர் செய்வதுதான். இதற்கென்றே பழைய ஃபிரிட்ஜ் ஒன்று தனியாக வாங்கினோம். அதற்கு முன்னால் மூன்று வாரம் சாப்பாட்டை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் செரிக்காதது குடலிலேயே அழுகிப்போகும். தண்ணீர்க் குளியலை மட்டும் நிறுத்தக் கூடாது. சூட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைத்தோம். பிறகு துளை போட்ட பெட்டியில் மண் போட்டு உள்ளே வைத்தோம். 5 டிகிரி இருக்க வேண்டும். மூன்றுக்குக் கீழேயும் ஏழுக்கு மேலேயும் போகாமல் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டேன். உறைநிலைக்குப் போய்விட்டால் கண் பார்வையே போய்விடுமாம். தினம் ஒரு தடவை கதவைத் திறந்து காற்று விட வேண்டும். வாரம் ஒரு தடவை எடை. பெட்டியில் சிறுநீர் கழித்திருந்தால் உடனே எழுப்பிவிட வேண்டும்; சேமித்து வைத்திருந்த தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம்.

1,310 கிராமில் படுத்தது, பத்து வாரம் கழித்து 1,265-ல் எழுந்தது. தூக்கம் சரியாக இருந்தால் உடம்பு அவ்வளவுதான் கரைகிறது.

நம் ஊர் நட்சத்திர ஆமைக்கு இந்த மாதிரிக் குளிர்காலத் தூக்கம் கிடையாது. அதைப் பிடித்து வீட்டில் வளர்ப்பதும் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆசைப்பட்டு யாரும் வாங்கிவிடாதீர்கள், சகோதரிகளே.

ஃபிரிட்ஜ் விஷயத்தைக் கேட்டதும் அம்மா, "அடியே, தயிர் பக்கத்திலயா வெச்சே?" என்றுதான் முதலில் கேட்டாள். இப்போது ஜனவரி பிறந்தால் போனை எடுத்ததும் அவளுடைய முதல் கேள்வி: "முழிச்சுதாடி?"