புல்லை அழித்தால் அளாப்புத்தான்

பப்ஜியின் கொன்பிக் பைலைத் திருத்துவது அளாப்பா? யாழ்ப்பாணத்துப் பெடியளுக்குள்ளை ஓயாத சண்டை இது. நாங்கள் சொல்லுறம்: என்னத்தைத் திருத்துறீங்கள் எண்டதுதான் கேள்வி.

பழைய போன் இழுபடுது எண்டு நிழலையும் படத்தெளிவையும் குறைப்பதில் யாருக்கும் அநியாயம் இல்லை. செக்கனுக்கு 90 பிரேம் ஓடுற போன் வாங்கினவர் அதைக் கள்ளம் எண்டால், அவற்றை காசு தந்த வசதிக்கு என்ன பேர்?

ஆனால் புல்லையே இல்லாமலாக்கி, அதுக்குள்ளை படுத்திருப்பவனைச் சுடுவது வேறு. அவன் தான் மறைஞ்சிருக்கிறதா நம்புறான். உங்கடை திரையிலை வெறுந்தரை. இதுக்கு "போன் பழசு" எண்ட நொண்டிச்சாட்டு எடுபடாது.

கவுண்டர் ஸ்ட்ரைக்கில் கொன்பிக் எழுதுவது நெடுங்காலமாக அனுமதிக்கப்பட்ட விசயம். ஆனாலும் 2024 ஆகஸ்டில், ஒரே பட்டனில் பல அசைவுகளைக் கட்டுவதை வால்வ் நிறுவனம் தடுத்தது. பைலைத் திறந்தது பிழையில்லை. கை செய்யவேண்டியதைப் பைல் செய்ததுதான் பிழை.

நிழலோ புல்லோ, பைலில் கைவைத்தால் பப்ஜி விதிப்படி கணக்குத் தடைபடலாம். அது கொம்பனியின் கோடு. எங்கடை ஊரில் போட்டி வைப்பவர்கள் தங்கடை கோட்டையும் முதலே எழுதி ஒட்டவேணும். கிளித்தட்டுக்குக்கூடக் கோடு கீறிப்போட்டுத்தானே இறங்குறம்?