மீன் மடிந்தது ஏன்?

கண்ணாடித் தொட்டியும் அதனுள் நீந்தும் வண்ண மீன்களும் இன்று நகரத்து வீடுகளில் பழகிய காட்சியாகிவிட்டன. மாலையில் துள்ளி நீந்திய மீன்கள் மறுநாட் காலையில் வயிறு மேலாக மிதப்பதும் அவ்வீடுகளில் பழகிய காட்சியே. அப்போது எழும் பேச்சைக் கவனியுங்கள். "கண்ணேறு பட்டுவிட்டது" என்பார் பாட்டி. "வீட்டுக்கு வர இருந்த கேட்டை மீன் தன்மேல் வாங்கிக்கொண்டது, ஒருவகையில் நல்லதுதான்" என்பார் அண்டைவீட்டார். "கடைக்காரன் நோய்மீனைத் தலையில் கட்டிவிட்டான்" என்பார் தந்தையார். கல்லூரியில் படிக்கும் பிள்ளையோ நீல மருந்துப் புட்டியைத் தேடி ஓடும். நால்வரும் நான்கு வகையாகப் பேசினாலும் ஒன்றில் ஒத்திருக்கிறார்கள். தொட்டியில் இருக்கும் தண்ணீரை ஒருவரும் விசாரிக்கவில்லை!

காரணத்தை அறியாமல் மருந்தைக் கொட்டுவது கண்ணேறு கழிப்பதைவிட அறிவுடைய செயல் ஆகாது என்பதே என் கருத்து. இரண்டிலும் சடங்குதான் உண்டு, சிந்தனை இல்லை.

நோய் பெரும்பாலும் ஒவ்வொரு மீனாகப் பற்றும். புள்ளி தோன்றும், செதில் உதிரும், மீன் உணவை மறுக்கும், சில நாட்கள் தளர்ந்து பிறகு மடியும். ஆனால் பலவகை மீன்களும் ஒரே இரவில், உடலில் குறியேதும் இன்றிச் சாகுமானால், முதலில் ஐயுறத்தக்கது நீர். அந்த நீரில் முந்திய நாள் என்ன நடந்தது என்பதே முதற்கேள்வி.

நேற்றுத் தண்ணீர் மாற்றினீர்களா? திருவனந்தபுரத்தில் நம் குழாய்களில் வருவது பெரும்பாலும் கரமனை ஆற்றில் அருவிக்கரையில் எடுத்துத் தூய்மை செய்த நீர். கிருமிகளைக் கொல்ல அதில் குளோரின் சேர்க்கிறார்கள். குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சி நிற்கவேண்டும் என்பது இந்தியத் தர விதி. நமக்குக் காவலாக நிற்கும் அவ்வளவே மீனின் செவுளை அரித்துவிடும். தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்துக்குள் சாவு நேர்ந்தால் குளோரினை ஐயுறுக. நீரை அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்தாலும், சோடியம் தயோசல்பேட்டு கலந்த குளோரின் நீக்கியைச் சில துளி விட்டாலும் இத்தீங்கு நீங்கும். "எங்கள் வீட்டில் கிணற்று நீர்தான்" என்று சிலர் நிம்மதி கொள்வர். மழைக்காலத்தை ஒட்டிக் கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் இடும் வழக்கம் இந்நாட்டில் உண்டு என்பதை அவர்கள் மறக்கலாகாது.

தொட்டி புதிதா? மீனின் கழிவிலிருந்தும் தின்னாது விட்ட உணவிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. வேறுவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அதனால் விளையும் தீங்கு மிகக் குறைவு. இந்நுண்ணுயிர்கள் மணலிலும் வடிகட்டியிலும் குடியேறிப் பெருக ஏறக்குறைய நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நாமோ தொட்டி வாங்கிய அன்றே பத்து மீன்களை விட்டு, வேளைக்கு வேளை விருந்தும் படைக்கிறோம்! இன்னொரு வகையாரும் உண்டு. சுத்தத்தில் மிக்க பற்றுடைய இவர்கள், மணல், வடிகட்டி, பஞ்சு அனைத்தையும் ஒரே நாளில் குழாய் நீரில் தேய்த்துக் கழுவிவிடுவர். தொட்டி பளபளக்கும், அதனைக் காத்த உயிர்ப்படை அழிந்திருக்கும். பழைய தொட்டி அன்றே மீண்டும் புதுத் தொட்டி ஆகிவிடும். "இவ்வளவு சுத்தமாக வைத்தும் செத்துவிட்டதே!" என்று அவர்கள் வருந்துவர். அந்தச் சுத்தமே காரணமாயிருக்கலாம்.

நெடுநாள் நீர் மாற்றாத தொட்டியா? இங்கே கேரளத்துக்கே உரிய ஒரு செய்தியைக் கருதவேண்டும். செம்புரைக்கல் நிலத்துக் கிணற்று நீர் பெரும்பாலும் அமிலச் சார்புடையது. அத்தகைய நீரில் அமோனியாவின் மிகப்பெரும் பகுதி தீங்கு குறைந்த அம்மோனிய வடிவில் அடங்கிக் கிடக்கும். 25 பாகை வெப்பத்தில், நடுநிலை நீரில் நஞ்சாக நிற்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. காரத்தன்மை ஏறிப் பி.எச். அளவு 8 ஆகுமானால் அதே அமோனியாவில் நூற்றுக்கு ஐந்து பங்கு நஞ்சாகிவிடும். மாதக்கணக்கில் நீரை மாற்றாதிருந்துவிட்டு, ஒருநாள் திடீரென்று காரச் சார்பான நீரை நிறைய ஊற்றினால், உறங்கிய நஞ்சு விழித்துக்கொள்ளும். நன்மை செய்யப் போய்த் தீமை விளைவது இப்படித்தான். இத்தகைய தொட்டியில் நீரைச் சிறிது சிறிதாகவே மாற்றவேண்டும்.

விடியற்காலையில் மீன்கள் மேற்பரப்பில் வாய் திறந்து தவித்தனவா? மின்சாரம் நின்று காற்று மோட்டார் ஓயவில்லையா? வெப்பம் ஏற ஏற நீர் தாங்கும் பிராணவாயு குறையும். 20 பாகையில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் கொள்ளும் நீர், 30 பாகையில் ஏழரைதான் கொள்ளும். பகலில் பிராணவாயு ஈயும் செடிகளும் இரவில் அதனை வாங்கிக்கொள்ளும். ஆதலால் நெருக்கடி மிகுந்த தொட்டிக்கு விடியற்பொழுதே கண்டமான பொழுது. ஆயினும் ஓர் எச்சரிக்கை. செவுள் அரிக்கப்பட்ட மீனும் வாய் திறந்து தவிக்கும்; நைட்ரைட்டால் இரத்தம் பழுப்பேறிய மீனும் தவிக்கும். ஒரே அடையாளத்தைக் கொண்டு தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

இவை எவையும் இல்லையா? அறையில் பூச்சிமருந்து தெளித்தார்களா என்று கேளுங்கள். கொசு, கரப்பான் ஆகியவற்றுக்கு நாம் தெளிக்கும் பைரித்திராய்டு மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். காற்று மோட்டார் அறைக் காற்றைத்தானே இழுத்து நீருக்குள் தள்ளுகிறது!

காரணம் தேடுவதற்கும் ஒரு முறை உண்டு. உயிரோடிருக்கும் மீன்களுக்கு முதலில் காற்றோட்டத்தைக் கூட்டுக. நீரை மாற்றுமுன் ஒரு தூய புட்டியில் பழைய நீரை எடுத்து மூடி வைக்க. நீரைக் கொட்டிவிட்டுக் காரணம் தேடுவது, சாட்சியை ஊருக்கு அனுப்பிவிட்டு வழக்கு நடத்துவதை ஒக்கும். அமோனியா, நைட்ரைட்டு, பி.எச். மூன்றையும் காட்டும் சோதனைப் பொருள்கள் மீன் கடைகளிலேயே கிடைக்கின்றன. தாமதியாமல் சோதித்துக் குறித்துவைக்க. பிறகு ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக. நீரையும் மாற்றி, உப்பும் இட்டு, மருந்தும் ஊற்றினால், மீன் பிழைத்தாலும் எதனால் பிழைத்தது என்பது தெரியாது. அறியாமை மட்டும் முன்போலவே கொழுத்திருக்கும்.

"சில ரூபாய் பெறும் மீனுக்கு இத்தனை ஆராய்ச்சியா? வேறு வாங்கிக்கொண்டால் போகிறது" என்று நண்பர்கள் நகைக்கலாம். மீனின் விலை சிறிது. அதன் உயிர் சிறிதன்று. காட்டில் ஓடும் ஆற்று மீன் நீர் கெட்டால் வேறிடம் நாடலாம். நாம் அடைத்து வைத்த மீனுக்கோ நாம் தரும் நீரே உலகம். காரணம் அறியாமல் மறுபடியும் மீன் வாங்குகிறவர், அதே கொலைக்களத்துக்கு அடுத்த கூட்டத்தை அழைத்து வருகிறார். இது விளையாட்டன்று, பொறுப்புக் கேடு.

சிறு தொட்டியில் கற்கும் இப்பழக்கம் பெரிய நீர்நிலைக்கும் வேண்டியதே. 2024 மே 20ஆம் நாள் இரவு, கொச்சியை அடுத்த ஏலூர், எடயாறு தொழிற்பகுதியில், பெரியாற்றில் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. கூண்டு வைத்து மீன் வளர்த்த ஏழை எளியோர் ஒரே இரவில் முதலை இழந்தனர். பாதாளம் தடுப்பணையின் மதகுகள் திறக்கப்பட்டபோது பிராணவாயு குன்றிய நீர் பாய்ந்ததே காரணம் என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அமோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் கேடு பயக்கும் அளவில் இருந்தன என்றது கேரள மீன்வள, கடலாய்வுப் பல்கலைக்கழகம். பிராணவாயு குன்றியது என்பதை ஏற்றாலும் கேள்வி தீரவில்லை, அங்கேதான் தொடங்குகிறது. அதனைக் குன்றச் செய்தது எது? அக்கழிவு எங்கிருந்து வந்தது? "மூச்சு நின்றதால் இறந்தார்" என்று சான்று எழுதும் மருத்துவரை நாம் ஏற்போமா?

தன் வீட்டுத் தொட்டியில் "ஏன்?" என்று கேட்டறியாதவன், ஆற்றங்கரையில் நின்று கேட்கமாட்டான். யாரோ ஒருவர் சொல்லும் முதல் விடையோடு வீடு திரும்பிவிடுவான். இந்த அச்சமே என்னை எழுதத் தூண்டியது.

நோய் எது என்று தெளிந்து, அதன் முதல் எது என்று கண்டு, அதன் பின்னரே தணிக்கும் வழியை நாடச் சொன்னார் வள்ளுவர். அந்த வரிசையைத் தேர்வுத் தாளில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். வாழ்க்கையில் அதனைத் தலைகீழாக்கி மருந்திலிருந்து தொடங்குவது முறையா? "அறிவியல் எங்கள் பாடமன்று" என்று தமிழ் பயிலும் நண்பர்கள் ஒதுங்கவும் வேண்டா. காரியவட்டம் வளாகத்தில் தமிழ்த்துறையும் இருக்கிறது. நீர்வாழ் உயிரியல், மீன்வளத் துறையும் இருக்கிறது. இடையே இருப்பது நடந்து கடக்கும் தொலைவே. அடுத்த முறை யார் வீட்டிலேனும் மீன் மடிந்தால், கண்ணேற்றையும் கடைக்காரரையும் சற்று நிறுத்திவைத்து, ஒரு புட்டி நீரோடு அத்தொலைவை நடந்து கடப்போமாக!